பெரிய டாப்சோனியன் வாங்குகிறீர்களா? ஆர்டர் கொடுப்பதிலிருந்து முதல் இரவு வரை

பைனாகுலரிலோ ஒரு சிறிய தொலைநோக்கியிலோ வானம் பார்த்துப் பழகிவிட்டு, இனிப் பெரிதாக ஒன்று வேண்டும் என்று கிளம்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிது என்று நான் சொல்வது 10 அங்குலம் முதல் 16 அங்குலம் வரை ஆடி விட்டமுள்ள டாப்சோனியன்களை, அதாவது குழாயின் அடியிலுள்ள குழியாடியால் ஒளியைச் சேர்த்து, கையால் தள்ளித் திருப்பும் எளிய பெட்டிமேல் நிற்கும் தொலைநோக்கிகளை. இவற்றோடு வரும் கையேட்டில் எந்தத் திருகை எங்கே மாட்டுவது என்பது மட்டும் இருக்கும். வாங்கும் முன் எதை யோசிப்பது, பணத்தை எப்படிப் பிரிப்பது, நட்சத்திரம் ஏன் புள்ளியாக நிற்காமல் மசமசவென்று தெரிகிறது என்பதையெல்லாம் நான் அங்கங்கே பொறுக்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்.

இது கண்ணால் பார்ப்பதற்கான கருவி. நீண்ட நேரம் ஒளியைச் சேர்த்துப் படம் எடுக்கத்தான் ஆசை என்றால் இங்கேயே நிறுத்திவிட்டு வேறு கருவியைத் தேடுங்கள். படங்களில் பார்க்கும் சிவப்பும் ஊதாவும் இதில் தெரியாது. ஓரியன் நெபுலாவில் ஒரு பச்சைச் சாயல், சில கோள்வடிவ நெபுலாக்களில் நீலப்பச்சை, அவ்வளவுதான். கேலக்ஸிகள் எல்லாம் சாம்பல் நிறம். அந்தச் சாம்பல் நிறத்துக்குள் எவ்வளவு நுணுக்கம் தெரிகிறது என்பதில்தான் பெரிய ஆடியின் மதிப்பு இருக்கிறது.

1. முதலில் எடை, அப்புறம்தான் அங்குலம்

எல்லோரும் விட்டத்திலிருந்து தொடங்குவார்கள். நீங்கள் உங்கள் முதுகிலிருந்து தொடங்குங்கள்.

8 அங்குல டாப்சோனியன் மொத்தம் சுமார் 20 கிலோ. 10 அங்குலம் 30 கிலோவை ஒட்டி வரும். ஆலையில் தயாராகும் 12 அங்குலம் 40 கிலோவுக்கு அருகில் போகும். அதே வகை 16 அங்குலம் 60 கிலோவைத் தாண்டிவிடும். ஒரே ஆளால் ஒரே நடையில் தூக்கிப்போக முடியாது. இந்த எடை எப்படிப் பிரிகிறது என்பதையும் பாருங்கள். குழாய் தனி, அடியிலுள்ள ராக்கர் பெட்டி தனி. இரண்டில் எது அதிக எடை, அதைப் பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா, படியில் இறங்கும்போது கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் சொல்லும் மொத்த எடையைவிட, தனித்தனிப் பாகங்களில் கனமானது எத்தனை கிலோ என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். அந்தக் கனமான பாகத்தின் எடைக்கு ஒரு பெட்டியில் புத்தகங்களை நிரப்பி, கருவியை வைக்கப்போகும் இடத்திலிருந்து வானம் பார்க்கும் இடம்வரை இரவில் ஒருமுறை தூக்கிப் போய்த் திரும்பி வாருங்கள். இதை வாரம் இரண்டு முறை செய்வீர்களா? தயக்கம் வந்தால் ஒரு படி சிறிய விட்டத்துக்கு இறங்கிவிடுங்கள். வாரந்தோறும் வெளியே வரும் 10 அங்குலம், மூலையில் தூசி படியும் 16 அங்குலத்தைவிட நிறையக் காட்டும்.

காரில் கொண்டுபோவதாக இருந்தால் டேப் வைத்துக் கதவின் திறப்பை அளந்துகொள்ளுங்கள். முழுக்குழாய் வகையில் 12 அங்குலக் கருவியின் குழாய் சுமார் ஒன்றரை மீட்டர் நீளம் வரும். டிரஸ் வகையில் குழாய்க்குப் பதிலாகக் கம்பிகள். கழற்றினால் ஆடிப்பெட்டி, மேல்வளையம், கம்பிக்கட்டு என்று பிரிந்துவிடும். பூட்டிக் கழற்ற நேரம் ஆகும், ஒவ்வொரு முறையும் ஒளியச்சைச் (ஆடிகளின் நேர்கோட்டைச்) சரிசெய்ய வேண்டும், பக்க வெளிச்சம் புகாமல் கறுப்புத் துணி உறை போட வேண்டும். 12 அங்குலம் வரை முழுக்குழாய் போதும், அதற்கு மேல் டிரஸ் என்பது என் கணக்கு. நடுவில், கம்பிகள் உள்ளே சறுக்கி மடங்கும் வகையும் உண்டு. அதில் நீளம் குறையும், எடை குறையாது.

கருவி தங்கும் இடமும் தரைமட்டத்தில், வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு அருகில், ஈரமில்லாமல் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. சக்கரம் வைத்த பலகைமேல் நிறுத்தித் தள்ளிக்கொண்டு போகலாம்.

2. உங்கள் வானம் எவ்வளவு இருட்டு?

16 அங்குல ஆடி 8 அங்குலத்தைப்போல நான்கு மடங்கு ஒளியைச் சேர்க்கும். இருட்டில் 7 மில்லிமீட்டர் விரிந்த கண்மணியோடு ஒப்பிட்டால் 3000 மடங்குக்கும் மேல். ஆனால் இந்தக் கணக்கை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

நெபுலா, கேலக்ஸி போன்ற பரந்த பொருள்களின் பரப்புப் பொலிவை எந்தத் தொலைநோக்கியாலும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதைவிடக் கூட்ட முடியாது. பெரிய ஆடி செய்வது வேறு: அதே பொலிவை இழக்காமல் உருவத்தைப் பெரிதாக்கித் தருகிறது. மங்கலான ஒன்று பெரிதாக இருந்தால் கண் அதை எளிதாகப் பிடிக்கும். நகர வெளிச்சம் வானத்தையே வெளுக்கடித்திருந்தால், கேலக்ஸியோடு அந்த வெளுப்பும் சேர்ந்தே பெரிதாகும். அதனால் கேலக்ஸி பார்க்க, இருண்ட இடத்தில் வைத்த 8 அங்குலம் நகர நடுவில் வைத்த 16 அங்குலத்தை வென்றுவிடும்.

வானத்தின் இருளை 1 முதல் 9 வரை வகைப்படுத்தும் போர்ட்டில் அளவுகோல் உண்டு. 1 மிக இருண்டது, 9 மாநகரத்தின் நடு. ஒளி மாசு வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தேடினால் எண் கிடைக்கும். 4 அல்லது அதற்குக் கீழே என்றால் பெரிய ஆடிக்குச் செலவிடும் பணம் நேரடியாகக் கண்ணில் தெரியும். 7க்கு மேல் என்றால், வண்டியில் ஏற்றி இருட்டைத் தேடிப் போகும் எண்ணம் இருந்தால் மட்டும் பெரியதை வாங்குங்கள். நிலா, கோள்கள், இரட்டை விண்மீன்கள், ஓரளவுக்குக் கோளக் கொத்துகள் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டங்கள்) ஆகியவற்றை நகரத்திலேயே பார்க்கலாம். அதற்கு 8 அல்லது 10 அங்குலமே போதும்.

3. எஃப் எண்ணும் ஏணியும்

குவியத்தொலைவை (ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம்வரை உள்ள தூரத்தை) விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண். 12 அங்குலம் எஃப்/5 என்றால் குவியத்தொலைவு சுமார் 1500 மி.மீ. 16 அங்குலம் எஃப்/4.5 என்றால் சுமார் 1830 மி.மீ. தலைக்கு நேர் மேலே பார்க்கும்போது ஐபீஸின் (கண் வைத்துப் பார்க்கும் வில்லையின்) உயரம் ஏறக்குறைய இந்தக் குவியத்தொலைவை ஒட்டியே வரும். 1830 என்றால் சராசரி உயரமுள்ளவர் கால்விரலில் நிற்க வேண்டும் அல்லது ஒரு படிப்பலகை வேண்டும். 20 அங்குலம் எஃப்/5 என்றால் ஏணி கட்டாயம். இருட்டில், நடுராத்திரியில், தூக்கக் கண்ணோடு ஏணி ஏறுவது எனக்குப் பிடிக்காத காரியம்.

எஃப் எண் குறைந்தால் குழாய் குட்டையாகும். ஆனால் கோமா கூடும். கோமா என்றால், பார்வைப் புலத்தின் ஓரத்திலுள்ள நட்சத்திரங்கள் வால்முளைத்த மாதிரி இழுபட்டுத் தெரிவது. எஃப்/5 வரை பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எஃப்/4.5க்குக் கீழே போனால் கோமா திருத்தி ஒன்றுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள். ஐபீஸும் மலிவாக இருந்தால் ஓரங்கள் இன்னும் மோசமாகும்.

4. பணத்தை எப்படிப் பிரிப்பது

கையிலுள்ள மொத்தத்தையும் கருவிக்கே கொடுத்துவிடுவதுதான் பரவலான பொறி. என் பரிந்துரை: மூன்றில் இரண்டு பங்கு கருவிக்கு, மீதி ஒரு பங்கு துணைப் பொருள்களுக்கு. அந்த ஒரு பங்கில் முதலில் வருவது கொலிமேஷன் கருவி, அதாவது ஆடிகளை ஒரே நேர்கோட்டில் நிறுத்த உதவுவது. அடுத்து ஒரு நல்ல குறைந்த உருப்பெருக்க ஐபீஸ், ஒரு நடுத்தர ஐபீஸ், தேடுவதற்கான கருவி, சாய்ந்து உட்கார உயரம் மாற்றக்கூடிய நாற்காலி. நாற்காலி என்றதும் சிரிக்க வேண்டாம். நின்றுகொண்டு குனிந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கம், உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கும் கண்ணுக்குத் தெரியும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் விலைப்பட்டியலில் இருப்பது தொடக்கம்தான். அனுப்புகூலி, காப்பீடு, சுங்க வரி, கிடங்கிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரும் கூலி எல்லாம் தனி. சரக்கு நிறுவனங்கள் உண்மையான எடையையும் பெட்டியின் கன அளவிலிருந்து கணக்கிடும் எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்கே கூலி வாங்கும். டாப்சோனியன் பெட்டிகள் இடம் அடைப்பவை என்பதால் கன அளவுக் கணக்கே பெரும்பாலும் முந்தும். பணம் கட்டும் முன் பெட்டிகளின் நீள, அகல, உயரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

5. காகிதங்களும் காத்திருப்பும்

கிடங்கில் இருக்கும் ஆலைக் கருவி சில வாரங்களில் வந்துவிடும். கையால் மெருகேற்றிய ஆடியோடு ஆர்டருக்குச் செய்து தரப்படுவது மாதக்கணக்கில் ஆகும். ஒரு வருடத்தைத் தாண்டுவதும் உண்டு. இரண்டாவது வகைக்கு முன்பணம் கொடுக்கும்போது மூன்று விஷயங்கள் எழுத்தில் இருக்க வேண்டும்: ஆடியை யார் செய்கிறார்கள், எந்த மாதம் அனுப்புவார்கள், தாமதமானால் பணம் எப்படித் திரும்பும்.

இறக்குமதிக்கு விலைப்பட்டியல், பெட்டிப்பட்டியல், சரக்கு ரசீது, காப்பீட்டுச் சான்று ஆகியவை தேவைப்படும். உலகச் சுங்க வகைப்பாட்டில் ஒளியியல் தொலைநோக்கிகள் 9005.80 என்ற தலைப்பிலும், அவற்றின் பாகங்கள் 9005.90 என்பதிலும் வரும். ஒரே தொலைநோக்கி இரண்டு மூன்று பெட்டிகளில் பிரிந்து வருவதால், எல்லாப் பெட்டிகளும் ஒரே பட்டியலில் ‘மூன்றில் ஒன்று, மூன்றில் இரண்டு’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று அனுப்பும் முன்பே கேளுங்கள். ஒரு பெட்டி முன்னால் வந்து, ஆடி இருக்கும் பெட்டி பின்தங்கினால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

ஆடிக்குச் சோதனை அறிக்கை கொடுத்தால் கவனமாகப் படியுங்கள். ‘எட்டில் ஒரு அலை’ (ஒளியின் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்கு பிழை) என்று போட்டிருந்தால் அது ஆடியின் பரப்புக்கா, அது திருப்பி அனுப்பும் அலைமுகத்துக்கா என்று கேளுங்கள். பரப்பில் எட்டில் ஒன்று என்பது அலைமுகத்தில் நான்கில் ஒன்றாகிவிடும். ஸ்ட்ரெல் விகிதம் (குறையே இல்லாத ஆடியை 1 என்று வைத்து ஒப்பிடும் எண்) 0.80க்கு மேல் இருந்தால் ஒளியியல் எல்லைக்குள் இருக்கிறது என்று கொள்வார்கள். பெரிய எண்ணைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். காற்று அமைதியாக இல்லாத இரவில் 0.85க்கும் 0.95க்கும் வித்தியாசம் தெரியாது.

பெட்டி வந்ததும் திறக்கும் முன் ஆறு பக்கமும் படம் எடுங்கள். திறப்பதைக் காணொளியாகப் பதியுங்கள். சேதம் என்று முறையிடக் கொடுக்கும் கெடு சில நாள்கள்தான் என்பதால், வானம் தெளியட்டும் என்று பெட்டியை மூடி வைக்காதீர்கள். அட்டைப் பெட்டிகளையும் உத்தரவாதக் காலம் முடியும்வரை தூக்கி எறியாதீர்கள். திருப்பி அனுப்ப வேண்டி வந்தால் கூலி யாருடையது என்பதும் உத்தரவாதத் தாளிலேயே இருக்க வேண்டும்.

பழையது வாங்குகிறீர்களா? பெரிய டாப்சோனியன்களைப் பொறுத்தவரை அது நல்ல வழி. தூக்க முடியாமல் விற்பவர்களே அதிகம், கருவி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆடிமேல் டார்ச் அடித்துப் பார்த்து மிரளாதீர்கள். சுத்தமான ஆடிகூட டார்ச் வெளிச்சத்தில் குப்பையாகத்தான் தெரியும். தூசியும் ஓரத்துச் சிறு உடைசலும் பெரிய குறையில்லை. பூச்சு உரிந்த திட்டுகள், பூஞ்சைத் தடம், ஈரத்தில் ஊதிப்போன அடிப்பலகை ஆகியவற்றுக்கு விலையைக் குறைக்கச் சொல்லலாம். முடிந்தால் இரவில் போய் ஒரு நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஃபோகஸுக்குச் சற்று உள்ளேயும் வெளியேயும் கொண்டுபோனால் வட்ட வட்ட வளையங்கள் தெரிய வேண்டும். உள்ளே ஒரு பக்கமாக நீண்ட முட்டை வடிவம், வெளியே அதற்குச் செங்குத்தாக முட்டை வடிவம் என்று தெரிந்தால் ஆடி எங்கோ நெருக்கப்படுகிறது, அல்லது ஆடியே கோணல். விற்பவரின் அனுமதியோடு ஆடியின் பிடிகளைத் தளர்த்திப் பார்த்தும் அது போகவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

6. பூட்டும்போது

ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள், பகல் வெளிச்சத்திலேயே முடியுங்கள். அடிப்பலகையின் நடு ஆணியை அளவுக்கு மீறி இறுக்கினால் இடவலமாகச் சுழற்றும்போது கருவி ஒட்டிக்கொண்டு குதிக்கும், தளர்த்தினால் ஆடும். விரலால் தள்ளினால் நகர வேண்டும், விரலை எடுத்ததும் நிற்க வேண்டும். ஒரு கிலோ எடையுள்ள ஐபீஸைச் செருகியதும் குழாய் முன்னால் கவிழ்ந்தால் பிடியை இறுக்கிச் சமாளிக்காமல், குழாயின் அடியில் காந்த எடைகளை ஒட்டிச் சமன் செய்யுங்கள்.

ஆடியைத் தாங்கும் பிடிகள் ஆடியைக் கிள்ளக் கூடாது. ஒரு தாள் நுழையும் அளவு இடைவெளி இருக்கட்டும்.

7. கொலிமேஷன்: இதைத் தள்ளிப்போடாதீர்கள்

பெரிய டாப்சோனியனை வாங்கிவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று சலித்துக்கொள்பவர்களில் பலருடைய கருவியில் கோளாறு இருக்காது, கொலிமேஷன் இருக்காது. இரண்டு ஆடிகளின் அச்சும் ஐபீஸின் அச்சும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோமா இல்லாத கூர்மையான நடுப்பகுதி எஃப் எண்ணின் மும்மடிக்கு ஏற்பச் சுருங்கும். எஃப்/8இல் அது சுமார் 11 மி.மீ. அகலம், எஃப்/5இல் 3 மி.மீ.க்கும் குறைவு, எஃப்/4இல் ஒன்றரை மி.மீ. கூட இல்லை. அந்தச் சிறிய வட்டம் ஐபீஸின் நடுவில் விழவில்லை என்றால் கோள்கள் ஒருநாளும் கூர்மையாகத் தெரியாது.

செய்முறை மூன்று கட்டம். முதலாவது, துணை ஆடி (குழாயின் மேல்முனையிலுள்ள சிறிய சாய்ந்த ஆடி) ஃபோகஸருக்கு (ஐபீஸைச் செருகும் குழலுக்கு) நேர் கீழே வட்டமாகத் தெரிகிறதா என்று பார்ப்பது. ஒருமுறை சரிசெய்தால் நெடுநாள் நிற்கும். எஃப் எண் குறைந்த கருவிகளில் துணை ஆடியின் கரிய நிழல் முதன்மை ஆடியின் (அடியிலுள்ள பெரிய ஆடியின்) பக்கம் சற்றுத் தள்ளியே தெரியும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். அதை நடுவுக்குக் கொண்டுவரப் போராடிக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இரண்டாவது, துணை ஆடியின் சாய்வு. கொலிமேஷன் லேசரை ஃபோகஸரில் செருகினால் சிவப்புப் புள்ளி முதன்மை ஆடியின் நடுவிலுள்ள வளையத்துக்குள் விழ வேண்டும். துணை ஆடியின் மூன்று திருகுகளை ஒன்றைத் தளர்த்தி மற்றொன்றை இறுக்கி அங்கே கொண்டுவாருங்கள். இந்த வேலைக்கு முன் குழாயைக் கிடைமட்டமாகப் படுக்க வையுங்கள். கையிலிருந்து ஆலன் கீ நழுவினால் அது பக்கவாட்டில் விழட்டும், ஆடியின் மேல் வேண்டாம்.

மூன்றாவது, முதன்மை ஆடியின் சாய்வு. பலர் லேசர் புள்ளி திரும்பி வந்து லேசரின் முகத்தில் நடுவில் விழுகிறதா என்று பார்த்து முடித்துவிடுகிறார்கள். இது போதாது. ஃபோகஸருக்குள் லேசர் கொஞ்சம் ஆடினாலே கணக்கு தப்பிவிடும். லேசருக்கு முன்னால் ஒரு பார்லோ வில்லையைச் செருகினால் கதிர் விரிந்து போய், நடுவளையத்தின் நிழல் திரும்பி லேசரின் முகத்தில் விழும். அந்த நிழலை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். இந்த முறைக்கு லேசரின் சின்னச் சின்ன ஆட்டம் ஒரு பொருட்டில்லை. செஷயர் ஐபீஸ் (கண்ணாலேயே பார்த்துக் கொலிமேஷன் செய்ய உதவும் குழல்) வைத்திருந்தால் பகலில் அதுவே போதும், மின்கலமும் வேண்டாம்.

மலிவான லேசர்கள் வரும்போதே கோணலாக வரும். ஃபோகஸரில் தளர்வாக வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். முதன்மை ஆடியில் புள்ளி வட்டமடித்தால் முதலில் லேசரைத்தான் சரிசெய்ய வேண்டும். இன்னொன்று: முதன்மை ஆடிக்கு அடியில் பூட்டுத்திருகுகள் இருந்தால் அவற்றைத் தளர்த்திவிட்டுச் சரிசெய்து, மெல்லத் தொடும் அளவுக்கு மட்டும் திரும்ப இறுக்குங்கள். அழுத்தி இறுக்கினால் செய்ததெல்லாம் நகர்ந்துவிடும்.

முதல் வாரம் அரை மணி நேரம் ஆகும். பழகினால் ஐந்து நிமிடம். வண்டியில் ஏற்றி இறக்கிய ஒவ்வொரு முறையும் செய்யுங்கள், குழாயை நீங்கள் பார்க்கப்போகும் உயரக் கோணத்துக்கு அருகில் வைத்து இரண்டாம் முறை சரிபாருங்கள்.

8. ஆடி குளிரட்டும்

வீட்டுக்குள் வெதுவெதுப்பாக இருந்த ஆடியை வெளியே கொண்டுவந்ததும் அதன் முகத்தில் சூடான காற்றுப் படலம் நெளியும். கோள்கள் தண்ணீருக்கடியில் இருப்பதுபோல் அலையும். 12 அங்குல ஆடிக்கு ஒரு மணி நேரமாவது கொடுங்கள். 16 அங்குலத்துக்கு இன்னும் கூடுதல். ஆடிக்குப் பின்னால் சிறிய மின்விசிறி வைத்தால் நேரம் வெகுவாகக் குறையும். இரவு முழுக்க வெப்பம் இறங்கிக்கொண்டே இருந்தால் கனமான ஆடி காற்றை எட்டிப் பிடிக்காது, அதனால் விசிறி ஓடிக்கொண்டிருந்தாலும் நல்லதுதான்.

சூரியன் மறைந்ததும் கருவியை வெளியே வைத்துவிடுங்கள். வானம் முழுமையாக இருட்டுவது சூரியன் அடிவானத்துக்கு 18 பாகை கீழே போன பிறகுதான். அந்த இடைவெளி குளிர்வதற்கே சரியாக இருக்கும்.

பனி முதலில் துணை ஆடியிலும் தேடுகருவியிலும் ஐபீஸிலும் படியும். டிரஸ் கருவிகளில் துணை ஆடிக்குப் பின்னால் ஒட்டும் சிறிய சூடேற்றி உண்டு. துணியால் துடைக்கவே கூடாது. வீட்டுக்குத் திரும்பியதும் மூடிகளை உடனே போடாமல் ஈரம் உலரவிட்டு மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும்.

9. ஐபீஸ், வடிகட்டி

உருப்பெருக்கம் என்பது குவியத்தொலைவை ஐபீஸின் குவியத்தொலைவால் வகுப்பது. ஐபீஸிலிருந்து வெளியேறும் ஒளிக்கற்றையின் அகலம், ஐபீஸின் மி.மீ. எண்ணை எஃப் எண்ணால் வகுத்தால் வரும். எஃப்/5 கருவியில் 30 மி.மீ. ஐபீஸ் போட்டால் 6 மி.மீ. கற்றை. கற்றை 7 மி.மீ.யைத் தாண்டினால் மிச்ச ஒளி கண்ணுக்குள் போகாமல் வீணாகும். வயது கூடக்கூடக் கண்மணி 5, 6 மி.மீ.யோடு நின்றுவிடும்.

12 அங்குலம் எஃப்/5 வைத்திருப்பவருக்கு நான் சொல்வது: 30 மி.மீ. (50 மடங்கு, தேடவும் பரந்த நெபுலாக்களுக்கும்), 10 முதல் 13 மி.மீ.க்குள் ஒன்று, 6 அல்லது 7 மி.மீ.யில் ஒன்று. நடுவிலுள்ளது தரும் 2, 2.5 மி.மீ. கற்றைதான் கேலக்ஸிகளுக்கு ஏற்றது, இரவின் பெரும்பகுதி அதுவே ஃபோகஸரில் இருக்கும். பணத்தை அதில் கொட்டுங்கள். 300 மடங்குக்கு மேல் பெரும்பாலான இரவுகளில் காற்று அனுமதிக்காது, அதனால் 3 மி.மீ. ஐபீஸுக்கு அவசரமில்லை.

மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் கண் இடைவெளி (ஐபீஸுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம்) 15 மி.மீ.க்குக் குறையாத ஐபீஸ் வாங்குங்கள். கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருப்பினால் போதும். உருளைக் குறை (சிலிண்டர் பவர்) இருந்தால் குறைந்த உருப்பெருக்கத்தில் கண்ணாடி தேவைப்படும்.

ஒரு ஏமாற்றத்தை முன்பே சொல்லிவிடுகிறேன்: பெரிய டாப்சோனியனில் பார்வைப் புலம் குறுகல். 1500 மி.மீ. கருவியில் 2 அங்குல ஐபீஸ் போட்டாலும் அதிகபட்சம் ஒன்றே முக்கால் பாகைதான் கிடைக்கும். மூன்று பாகைக்கு நீளும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸி முழுசாக அடங்காது. கார்த்திகைக் கொத்தும் அப்படித்தான். பழைய பைனாகுலரை விற்றுவிடாதீர்கள்.

வடிகட்டி ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் ஓ-3 வகை, அதாவது நெபுலாவின் ஆக்சிஜன் ஒளியை மட்டும் விடுவது. சிக்னஸ் விண்மீன் குழுவில் உள்ள ‘வெய்ல்’ (Veil) நெபுலாவை வடிகட்டி இல்லாமலும் அதைப் போட்டும் பார்த்தால், கொடுத்த காசு அங்கேயே செரித்துவிடும். ஹைட்ரஜன்-பீட்டா வடிகட்டி குதிரைத்தலை நெபுலா போன்ற ஒருசில பொருள்களுக்கு மட்டும். கேலக்ஸிகளுக்கும் கொத்துகளுக்கும் எந்த வடிகட்டியும் பெரிதாக உதவாது, விற்பவர் என்ன சொன்னாலும்.

10. பொருளைத் தேடிப் பிடிப்பது

குழாயில் இரண்டு தேடுகருவி இருந்தால் வசதி. ஒன்று, வானத்தின்மேல் சிவப்பு வட்டங்கள் மிதப்பதுபோல் காட்டும் டெல்ராட் வகை. அதன் வட்டங்கள் அரை, இரண்டு, நான்கு பாகை. இன்னொன்று, செங்கோணத்தில் திரும்பிய, இடவலம் மாறாமல் காட்டும் 9×50 தேடுகருவி. கழுத்து உங்களுக்கு நன்றி சொல்லும். இரண்டையும் பகலில் தொலைவிலுள்ள ஒரு கோபுர உச்சியை வைத்து ஒத்திசைத்துவிடுங்கள்.

கைபேசியின் கேமராவால் விண்மீன்களைப் படமெடுத்து எங்கே பார்க்கிறோம் என்று அம்புக்குறியால் காட்டும் முறைகளும், அச்சுகளில் பொருத்தும் எண்காட்டிகளும் இப்போது உண்டு. வானம் வெளுத்த இடத்தில் வழிகாட்ட விண்மீன்களே தெரியாது என்பதால் அங்கே இவை பெரிய உதவி.

டாப்சோனியன் தானாகச் சுழலாது. வான நடுக்கோட்டுக்கு அருகிலுள்ள பொருள் 200 மடங்கில், 50 பாகைப் புலமுள்ள ஐபீஸைச் சுமார் ஒரு நிமிடத்தில் கடந்துவிடும். தள்ளித் தள்ளிப் பார்ப்பது சில இரவுகளில் கைக்கு வந்துவிடும். இதற்காகத்தான் அகலப் புல ஐபீஸ்களுக்கு இவ்வளவு கிராக்கி. வானத்தின் சுழற்சிக்கு ஏற்பக் கருவியை நகர்த்தும் சுழல்மேடை வாங்க நினைத்தால், அது உங்கள் அட்சரேகைக்குச் செய்யப்பட்டதா என்று பாருங்கள். வேறு அட்சரேகைக்கானது பயன்படாது. நேர் உச்சியில் இருக்கும் பொருளைப் பிடிப்பது இந்த அமைப்பில் திண்டாட்டம். ஒரு மணி நேரம் பொறுத்தால் அது 15 பாகை வரை நகர்ந்துவிடும்.

11. முதல் இரவு

நிலா இல்லாத இரவாகப் பாருங்கள். தேய்பிறையின் கடைசி வாரமும் அமாவாசைக்குப் பின் மூன்று நான்கு நாளும் மாலை வானம் இருட்டாக இருக்கும். கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் வேண்டும். கைபேசியை ஒருமுறை பார்த்தால் கணக்கு மறுபடி தொடக்கத்திலிருந்து. மங்கிய சிவப்பு விளக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

எளிதானதில் தொடங்குங்கள். ஹெர்குலஸ் விண்மீன் குழுவின் ஈட்டா, சீட்டா விண்மீன்களுக்கு நடுவே, ஈட்டாவிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் எம் 13 கோளக் கொத்து இருக்கிறது. 10 அங்குலத்தில் 150 மடங்கு போட்டால் நடுப்பகுதி வரை தனித்தனி விண்மீன்களாக உடையும். லைராவின் பீட்டாவுக்கும் காமாவுக்கும் இடையே எம் 57 வளைய நெபுலா. தெற்கு வானம் தெரிபவர்களுக்கு ஒமேகா சென்டாரி கோளக் கொத்து. அதைப் பார்த்தபின் எம் 13 சிறியதாகிவிடும். அப்புறம் எம் 51 கேலக்ஸி. இருண்ட வானத்தில் 12 அங்குலத்துக்கு அதன் சுருள் கரங்கள் தெரியும். நேராக உற்றுப் பார்க்காமல் பார்வையைச் சற்று ஓரமாகத் திருப்பினால், மங்கிய ஒளிக்கு நுட்பமான விழித்திரைப் பகுதி வேலை செய்யும். குழாயை லேசாகத் தட்டிப் பாருங்கள்; அசைகிற மங்கலைக் கண் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

ஒரு பொருளுக்குப் பத்து நிமிடமாவது கொடுங்கள். கொஞ்சம் பழகியதும் கன்னியில் உள்ள 3சி 273 குவாசரை (மிகத் தொலைவிலுள்ள ஒரு கேலக்ஸியின் பிரகாசமான மையத்தை) தேடுங்கள். அதன் பொலிவெண் (எண் கூடினால் மங்கல்) ஏறக்குறைய 13, அதனால் 10 அங்குலத்துக்கே எட்டும். ஒரு சாதாரண விண்மீன் புள்ளி மாதிரிதான் இருக்கும், ஆனால் அந்த ஒளி கிளம்பி இருநூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது.

12. வைத்துக் காப்பது

பகலில் மூடி இல்லாமல் வெயிலில் ஒரு நிமிடம்கூட விடாதீர்கள். அது பெரிய குழியாடி. குவியும் இடத்தில் இருப்பதைப் பொசுக்கும், பார்த்தால் கண்ணைப் பறிக்கும். சூரியனைப் பார்க்க ஆசையிருந்தால் குழாயின் முன்வாயில் பொருத்தும் முறையான சூரிய வடிகட்டி வேண்டும். ஐபீஸில் திருகும் கறுப்புக் கண்ணாடி கிடைத்தால் குப்பையில் போடுங்கள்.

ஆடியை வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் கழுவ வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருடம் விட்டாலும் குடி முழுகாது. கழுவும்போது மோதிரம், கடிகாரம் எல்லாம் கழற்றிவிட்டு, முதலில் ஓடும் நீரில் தூசியைப் போக்குங்கள். பிறகு ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு கலந்த நீரில் ஊறவைத்து, பஞ்சை அதன் சொந்த எடையால் மட்டும் மெல்ல இழுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் புதுப் பஞ்சு. கடைசியில் காய்ச்சி வடித்த நீரால் அலசிச் சாய்த்து நிறுத்தினால் தானே உலரும்.

பூச்சு நன்றாகப் பராமரித்தால் பத்து வருடத்தை ஒட்டி உழைக்கும். மறுபூச்சுக்கு அனுப்பும் முன் நடுவளையம் எங்கே இருந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பழைய பூச்சை நீக்கும்போது அதுவும் போய்விடும், ஆடி திரும்பியதும் நீங்கள்தான் புதிதாக ஒட்ட வேண்டும்.